ஜனவரியிலும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்

திருச்சிக்காரியிடம் வெயிலின் பெருமையைப் பேசினால் எடுபடாது. அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடி வடகத்தைத் திருப்பிப் போடப் போய் உள்ளங்கால் பொரிந்தவர்கள் நாங்கள். அதனால்தான் ஸ்டுட்கார்ட்டில் குடியிருக்கும் என் அக்கா, "போர்ச்சுகல் போலாம் வாடி, சும்மா சுள்ளுனு வெயிலடிக்குற ஊரு" என்று கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காசு கொடுத்து, விசா எடுத்து, வெயில் காய்வதற்கு ஒரு பயணமா? அவளைச் சொல்லியும் குற்றமில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை சாம்பல் வானத்தையே பார்த்துக் கொண்டிருப்பவளுக்கு வெயில் என்றாலே முகம் மலர்ந்துவிடும்.

ஜூன் மாதத்தில் போனோம். திரும்பும்போது இரண்டு பேருக்கும் அந்த நாட்டின்மேல் பைத்தியம் பிடித்திருந்தது, ஆளுக்கொரு காரணத்துக்காக. அவளுக்கு வெயில் பிடித்தது. எனக்கோ, அந்த வெயிலோடு அவர்கள் பிழைக்கும் விதம் பிடித்துப்போனது. இந்த வித்தியாசம் அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அக்கா அங்கே வீடு வாங்க வேண்டும் என்று ஆரம்பித்த பிறகுதான் இதை உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாயிற்று.

முதலில் வெளிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். லிஸ்பன் ஏறக்குறைய 38 பாகை வடக்கில் இருக்கிறது. ஜூனில்கூட சூரியன் நம் ஊரில் நிற்பதுபோல் உச்சந்தலைக்கு நேராக வராது. காற்றில் கசகசப்பு கிடையாது, அட்லாண்டிக்கிலிருந்து விடாமல் வீசிக்கொண்டே இருக்கும். நடைபாதை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லைப் பதித்திருக்கிறார்கள். வீட்டுச் சுவர்களில் பளபளக்கும் ஓடுகள். ஊருக்கு முன்னால் தேஜோ ஆறு கடல்போல் அகன்று கிடக்கிறது. மேலிருந்து வரும் வெளிச்சம் போதாதென்று கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் திரும்பி வருகிறது. கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வெளியே போனால் ஒரு மணி நேரத்தில் தலைவலி வரும். நம் தோலுக்கு வெயில் புதிதில்லை என்ற தைரியம் அங்கே செல்லாது. காற்று சில்லென்று இருப்பதால் சுடுவது தெரியாது, ராத்திரி சட்டையைக் கழற்றும்போதுதான் கழுத்து எரியும்.

ஜூனில் அங்கே சூரியன் மறைய இரவு 9 மணி ஆகும். சாயங்காலம் 5 மணி வெயில் நம் ஊர் 2 மணி வெயில் மாதிரி முறைக்கும். காலையில் 9 முதல் 12 வரை சுற்றுங்கள், சாப்பிட்டுவிட்டு வெயில் தணியும்வரை வீட்டுக்குள் இருங்கள், பிறகு இருட்டும்வரை மறுபடி கிளம்புங்கள். இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் பாதிக் களைப்பு போய்விடும். இன்னொரு உபாயமும் உண்டு. 1755 நவம்பர் 1-ம் தேதி வந்த பூகம்பம், அதைத் தொடர்ந்த சுனாமி, தீ எல்லாம் சேர்ந்து லிஸ்பனின் ஆற்றங்கரைப் பகுதியை அழித்தன. பொம்பால் பிரபு என்று பின்னால் பட்டம் பெற்ற அமைச்சர் அதை அகலமான நேர்த்தெருக்களாகத் திரும்பக் கட்டினார். அதுதான் பைஷா. பக்கத்துக் குன்றில் இருக்கும் அல்ஃபாமா பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. அதனால் அங்கே பழைய சந்துகள் பழையபடியே, கைநீட்டினால் எதிர்வீட்டுச் சுவரைத் தொடும் அகலத்தில் இருக்கின்றன. பைஷாவைக் காலையில் நடந்து முடியுங்கள். வெயில் ஏறிய பிறகு வெளியே இருக்கத்தான் வேண்டுமென்றால் அல்ஃபாமாவுக்குள் புகுந்துவிடுங்கள். சந்துக்குள் நிழல் நிச்சயம்.

ஆனால் வெயிலைச் சமாளிப்பது என்றால் என்னவென்று பார்க்க லிஸ்பன் போதாது. தெற்கே அலென்டேஜோவுக்குப் போக வேண்டும். எவோராவுக்கு லிஸ்பனிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இங்கே அட்லாண்டிக் காற்றெல்லாம் எட்டாது, கோடையில் 40 டிகிரி சர்வசாதாரணம். எல்லையோரம் இருக்கும் அமரெலெஜா என்ற ஊரில் 2003 ஆகஸ்டில் 47 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. வேலூர்க்காரர்களே கொஞ்சம் யோசிக்கும் வெயில்.

மொன்சராஸ் என்ற மலை ஊரில் ஒரு வயதான அம்மா வீட்டின் மாடியறையில் தங்கினோம். சுவர் அரை மீட்டருக்கு மேல் தடிமன், மண்ணும் கல்லும் வைத்துக் கட்டியது. தெருப்பக்கம் ஒரே ஒரு சின்ன ஜன்னல். வெளியே முழுக்கச் சுண்ணாம்பு, தரையை ஒட்டி மட்டும் நீலப் பட்டை. காலை எட்டரை மணி இருக்கும். நான் ஆசையாக ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே பள்ளத்தாக்கில் தெரிந்த அல்கேவா நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கதவைத் தட்டினார், உள்ளே வந்தார், என்னைத் தாண்டிப் போய்க் கண்ணாடியைச் சாத்தினார், அதன் மேல் உள்பக்க மரக்கதவையும் சாத்திக் கொக்கி போட்டார். அறை கும்மிருட்டு. கையைக் கடிகாரம்போல் சுற்றி, ஒன்பது விரல்களைக் காட்டி, சாயங்காலம்தான் திறக்க வேண்டும் என்று சைகை செய்துவிட்டுப் போய்விட்டார். அக்காவுக்குக் கோபம். "இவ்வளவு தூரம் வந்து இருட்டுலயா உக்காரணும்?" என்றாள். எனக்கு எங்கள் பாட்டி வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது. மத்தியானம் வெளியே போய்விட்டு வந்தபோது தெருவில் கல் கொதித்தது. அறைக்குள் ஏ.சி. இல்லை, மின்விசிறிகூட இல்லை, ஆனாலும் போர்வை கேட்கும் குளிர்ச்சி. ராத்திரி 9 மணிக்குப் பிறகு எல்லா வீட்டு ஜன்னலும் திறந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

கோடையில் தெற்கே தங்குவதென்றால் நீச்சல் குளமும் மொட்டை மாடியும் வைத்த புது வீட்டைவிட, தடித்த சுவரும் சின்ன ஜன்னலும் உள்ள பழைய வீட்டைப் பிடியுங்கள். வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தச் சொன்னால் வாதாடாதீர்கள்.

வழியெல்லாம் தக்கை மரத் தோப்புகள். கருவாலி இனத்து மரம், உயரம் அதிகமில்லை, கிளை பரந்து நிற்கும். உலகத்தில் கிடைக்கும் தக்கையில் ஏறக்குறைய பாதி இந்தச் சின்ன நாட்டிலிருந்து போகிறது. நாங்கள் போனபோது உரிப்பு நடந்துகொண்டிருந்தது. கோடரியால் பட்டையில் நெட்டுக்கு ஒரு கோடு கீறி, கோடரியைத் திருப்பிப் பிடியால் நெம்பினால் பட்டை அப்படியே பலகையாகக் கழன்று வருகிறது. அடிமரத்தில் வெட்டுப் பட்டால் மரம் கெடும் என்பதால் கைப்பழக்கம் உள்ளவர்கள்தான் செய்ய முடியும், கூலியும் மற்ற வயல் வேலையைவிட அதிகம். உரித்த மரம் செங்காவி நிறத்தில் நிற்கிறது. அதில் வெள்ளைப் பெயிண்டால் பெரிதாக "4" என்று எழுதியிருந்தது. 2024-ல் உரித்தது என்று அர்த்தம். ஒரு தடவை உரித்தால் அடுத்த உரிப்புக்கு 9 வருஷம் காத்திருக்க வேண்டும், சட்டமே அப்படி. அதுவும் நட்ட கன்று முதல் உரிப்புக்கு வர 25 வருஷம் ஆகும். பாட்டிலுக்குப் போடும் தரமான தக்கை மூன்றாவது உரிப்பிலிருந்துதான் கிடைக்கும். அக்கா விரல் விட்டு எண்ணினாள். "அப்ப இந்த மரத்தை அடுத்து 2033-லதான் தொடுவாங்க. அதுக்குள்ள நான் ரிட்டயராகி இங்கேயே வந்திருப்பேன்." வீட்டு ஆசை அந்த மரத்தடியில்தான் முதன்முதலாக வாயில் வந்தது.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்களுக்குப் பயம் இருக்கும். தேவையில்லை. ஐரோப்பாவிலேயே தலைக்கு அதிகம் அரிசி சாப்பிடுகிறவர்கள் இவர்கள்தான். தக்காளி போட்ட குழைவான சோறு எங்கும் கிடைக்கும், மேலே பட்டைப் பொடி தூவிய பால்சோறும் உண்டு. பக்கத்து நாடுகளில் அவ்வளவாகக் கண்ணில் படாத கொத்தமல்லித் தழையை இங்கே கைநிறையப் போடுகிறார்கள். அலென்டேஜோவில் அசோர்தா என்று ஒன்று: பூண்டையும் கொத்தமல்லியையும் கல்லுப்போடு இடித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, கொதிக்கும் தண்ணீரைக் கொட்டி, முந்தின நாள் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே ஒரு முட்டையை உடைத்து வேகவைத்து வைக்கிறார்கள். ஏழைகளின் சாப்பாடாக இருந்தது. காய்ச்சல் வந்த நாளில் யாராவது கொடுத்தால் அழுதுவிடுவேன், அப்படி ஒரு ருசி. சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்கறி சூப் என்று கேட்டு வாங்கினாலும் அதில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று மிதக்கலாம், கீரை சூப்பான கால்டோ வெர்டேயில் அது வழக்கமே. இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய் எல்லாம் மேசைக்கு வரும். இலவசம் என்று நினைக்காதீர்கள், தொட்டால் கணக்கில் ஏறும். வேண்டாமென்றால் கையோடு திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சிற்றூர்களில் மத்தியானம் இரண்டரைக்குச் சமையல்கட்டு மூடிவிடும், ராத்திரி ஏழரைக்கு முன்னால் திறக்காது. கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போம் தியா' என்று வணக்கம் சொல்லிவிட்டுப் பிறகு வேண்டியதைக் கேளுங்கள். தெரிந்த நாலு ஸ்பானிய வார்த்தையை எடுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆங்கிலமே மேல்.

கடல்? படத்தில் பார்க்க நீலமாக, அழகாக இருக்கும். இறங்கினால் எலும்பு நடுங்கும். மேற்குக் கரையில் ஆகஸ்டிலும் தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டாலே பெரிது. மெரினாவிலும் ராமேஸ்வரத்திலும் நனைந்து பழகியவர்கள் கணுக்காலோடு திரும்பி வந்துவிடுவோம். நீந்தியே ஆக வேண்டுமென்றால் தென்கரையான அல்கார்வேயின் கிழக்குப் பக்கம், தவிரா ஊரை ஒட்டிய மணல் தீவுகளுக்குப் போங்கள். அங்கே தண்ணீர் கொஞ்சம் இளகியிருக்கும்.

இனி வீட்டு விஷயம். ஸ்டுட்கார்ட் திரும்பிய வாரமே அக்கா இணையத்தில் வீடு தேட ஆரம்பித்துவிட்டாள். அவளிடம் ஜெர்மன் குடியுரிமை இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எங்கும் வசிக்கலாம், மூன்று மாதத்துக்கு மேல் தங்கினால் உள்ளூர் நகராட்சியில் பதிந்துகொண்டால் போதும். என்னைப்போல் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள்தான். முன்பு வீடு வாங்கினால் தங்கும் உரிமை என்று ஒரு வழி இருந்தது, 2023 அக்டோபரில் அதை மூடிவிட்டார்கள். இப்போதும் அதைச் சொல்லி ஆள் பிடிக்கும் தரகர்கள் உண்டு, ஜாக்கிரதை.

"காசைக் கட்டறதுக்கு முன்னாடி ஜனவரியில ஒரு மாசம் இருந்து பாரு" என்றேன். நம் பக்கத்தில் வீடு வாங்குகிறவர்கள் ஐப்பசி மழையில் ஒரு தடவை போய்த் தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பார்களே, அந்தப் பழக்கம்தான். அவள் முனகிக்கொண்டே லிஸ்பனில் கிராசா குன்றின் மேல் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தாள். நானும் விடுப்பு போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

வெளியே 15 டிகிரி. திருச்சியிலிருந்து போனவளுக்கே அது பெரிய குளிராகத் தெரியவில்லை. வீட்டுக்குள் நுழைந்தால்தான் குளிர்ந்தது. வடக்குப் பார்த்த வீடு, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், கல் தரை, சுவரில் சூடேற்றும் குழாய் எதுவும் கிடையாது. மூலையில் ஒரு சின்ன மின் அடுப்பு, அதைப் போட்டால் ஒரு பக்கம் முழங்கால் மட்டும் சுடும். லிஸ்பனில் வருஷ மழையில் பெரும்பகுதி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் நடுவில்தான் பெய்கிறது. துவைத்த துணி மூன்று நாளாகியும் காயவில்லை. அலமாரியை லேசாக நகர்த்திப் பார்த்தேன், பின்னால் சுவர் முழுக்கக் கருப்பாகப் பூஞ்சை. ஜெர்மனியில் பனி கொட்டும்போது வீட்டுக்குள் டி-சர்ட்டோடு திரிகிறவள், வெயில் நாட்டில் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு படுத்தாள். "மைனஸ் பத்துலகூட எனக்கு இப்படிக் குளிர்ந்ததில்லடி" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

இது அவளுடைய துரதிர்ஷ்டம் மட்டுமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 கணக்கில், வீட்டைப் போதுமான அளவு கதகதப்பாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்று சொன்னவர்கள் போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும்தான் அதிகம், ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவர். காரணம் சுலபமாகப் புரியும். குளிர்காலம் கொஞ்ச நாள்தானே என்று வீட்டைக் கோடைக்காகவே கட்டியிருக்கிறார்கள். மொன்சராஸில் எனக்குச் சொர்க்கமாக இருந்த அதே தடித்த சுவரும் சின்ன ஜன்னலும் ஜனவரியில் குளிரைப் பூட்டி வைக்கும். அங்கேயாவது அகலமான அடுப்படிப் புகைபோக்கியும் விறகும் உண்டு. நகரத்து அடுக்குமாடிகளில் அதுவும் இல்லை.

அதே ஜனவரியில் நல்லதும் பார்த்தோம், சொல்லாமல் விடக் கூடாது. மழை விட்ட நாளில் வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். வீட்டில் குளிர் என்பதால் ஊரே கோட்டு மாட்டிக்கொண்டு காபிக் கடை வாசலில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். ஜூனில் நின்று பார்க்க முடியாத லிஸ்பனின் பெலேம் பகுதி மடாலயத்தில் கூட்டமே இல்லை, வாஸ்கோ ட காமாவின் கல்லறைக்குப் பக்கத்தில் நானும் காவலாளியும்தான். கோடையில் பொட்டல் மஞ்சளாகக் கிடந்த அலென்டேஜோ பச்சைப்பசேல். அல்கார்வேயில் ஆரஞ்சுக் காலம், பாதாம் மரங்கள் பூக்க ஆரம்பித்திருந்தன. ஒரே ஒரு எச்சரிக்கை: நான் மேலே சிலாகித்த வெள்ளைக்கல் நடைபாதை மழையில் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். குன்று இறக்கத்தில் ரப்பர் அடி இல்லாத செருப்போடு இறங்காதீர்கள்.

கிராசாவில் தங்கியதால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கதவுக்குக் கதவு 'ஏ.எல்.' என்று எழுதிய சின்னப் பலகை, பக்கத்தில் எண்பூட்டுப் போட்ட சாவிப் பெட்டி. குறுகிய நாள் விருந்தினர்களுக்கு விடும் வீட்டின் அடையாளம் அது. எங்கள் மாடியில் நிரந்தரமாகக் குடியிருந்தது ஒரே ஒரு பாட்டி. மற்ற கதவுகளில் வாரத்துக்கொரு முகம். வாடகை ஏறி உள்ளூர்ச் சம்பளக்காரர்கள் ஆற்றுக்கு அக்கரைக்கும் அதற்கப்பாலும் போய்க்கொண்டிருக்கிறார்கள், அதை எதிர்த்து ஊர்வலங்களும் நடந்திருக்கின்றன. வெயில் பிடித்துப்போய் வருகிற எங்களைப் போன்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. சட்டம் அனுமதிக்கிறது என்பதால் மட்டும் ஒரு வீட்டை வாங்கி வருஷத்தில் பத்து மாதம் பூட்டி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அக்காவிடம் அதை நேராகச் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை.

வெயிலுக்கு அந்த நாடு கொடுக்கும் விலையையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. 2017 ஜூனில் நடுப்பகுதியில் பெத்ரோகாவ் கிராந்தே காட்டுத் தீயில் 66 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் தப்பிக்கக் காரில் கிளம்பிச் சாலையில் சிக்கியவர்கள். 2024 தொடக்கத்தில் அல்கார்வே அணைகள் வறண்டு, விவசாயத்துக்கும் ஊர்களுக்கும் தண்ணீரைக் குறைக்க அரசு முடிவெடுத்தது. கோடையில் மலைக்காட்டுப் பக்கம் வண்டி எடுத்துக்கொண்டு போவதானால் அன்றைய தீ எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசியில் அக்கா வாங்கவில்லை. எவோராவில் வருஷம் முழுக்க ஆள் குடியிருக்கும் ஒரு வீட்டின் பின்பாதியை, வெளியூர்க் கூட்டம் வராத நவம்பர் முதல் சில வாரங்களுக்கு வாடகைக்கு எடுக்கிறாள். வீட்டைப் பேசும்போது அவள் கேட்பது மூன்றே விஷயம்: விறகடுப்பு இருக்கிறதா, அலமாரிக்குப் பின்சுவர் காய்ந்திருக்கிறதா, ஜன்னல் எந்தத் திசை. குளிர்காலத்தில் அங்கே சூரியன் தெற்கே தாழ்வாகப் போவதால், தெற்கு ஜன்னல் இருந்தால் மத்தியானம் முழுக்க வெயில் அறையின் நடுவரை வந்து படுத்துக்கொள்ளும், அடுப்பைக்கூட மாலையில் பற்றவைத்தால் போதும். முதல் வருஷம் முன்பணம் கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

"தெக்குப் பாத்த வாசல்னா நம்மூர்ல அப்பா ஏறெடுத்தும் பாக்க மாட்டாரு. இங்க அதுக்குன்னே மாசம் எம்பது யூரோ ஜாஸ்தி கேக்குறாங்கடி."

"குடுத்துட்டியா?"

"பின்ன? பேரம் பேசாமக் குடுத்துட்டேன்."